முன்னா, பின்னா? – ஒரு தடையியின் இடமும் எமது விஞ்ஞானக் கல்வியும்

சில ரூபாவுக்குக் கடையில் வாங்கக்கூடிய சிறு தடையி ஒன்றைச் சுற்றில் எவ்விடத்தில் வைப்பது என்ற வினா, தமிழ்ச் சங்கமொன்றின் ஆண்டு மலரில் இடம்பெறத் தக்கதா என வாசகர் சிலர் ஐயுறலாம். இலக்கியமும் வரலாறும் சமூகவியலும் பேசப்படும் பக்கங்களில் மின்சுற்றுக்கு என்ன வேலை என்று கேட்பதும் நியாயமே. ஆயினும், ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்கு எவ்வாறு சிந்திக்கக் கற்றுக்கொடுக்கின்றது என்பதை அதன் பெரிய கொள்கைப் பிரகடனங்களிலும் பார்க்க, வகுப்பறையில் அது சொல்லிக்கொடுக்கும் சிறிய விதிகளே தெளிவாகக் காட்டிவிடுகின்றன. அத்தகைய விதியொன்றையே ஈண்டு விசாரணைக்கு எடுத்துக்கொள்கின்றோம்.

விதி இதுதான்: “ஒளிகாலும் இருவாயியைச் சுற்றில் இணைக்கும்போது, ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தடையியை அதற்கு முன்னால் இடவேண்டும், பின்னால் இட்டால் இருவாயி எரிந்துவிடும்.” தனியார் வகுப்புக் குறிப்புகளிலும் செய்முறைக் கொப்பிகளிலும் இவ்வாக்கியம் பல வடிவங்களில் உலாவருகின்றது. கற்பிப்போர் பலர் இதனை ஐயமின்றி நம்புகின்றனர். நாம் சொல்ல வருவது, இவ்விதி பிழையானது என்பது மாத்திரமன்று. இது பிழையென்பதை ஐந்து நிமிடத்திற் கண்டுகொள்ளக்கூடிய கருவிகள் மேசைமீது இருக்கும்போதே இது வாழ்கின்றது என்பதுதான் எமது கவலை.

சில ஆண்டுகளுக்கு முன்னர், பாடசாலையொன்றில் நடைபெற்ற செய்முறைப் பரீட்சையொன்றை அருகிருந்து காணும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. 9 வோல்ற்று மின்கலவடுக்கு, 470 ஓம் தடையி, சிவப்பு ஒளிகாலும் இருவாயி, மில்லியம்பியர்மானி ஆகியவற்றைத் தொடராக இணைக்குமாறு மாணவர் பணிக்கப்பட்டனர். மாணவியொருத்தி மின்கலவடுக்கின் நேர்முனையிலிருந்து முதலில் இருவாயியையும், அதன் பின்னர் தடையியையும் இணைத்திருந்தாள். இருவாயி ஒளிர்ந்தது. மானி ஏறத்தாழ 15 மில்லியம்பியரைக் காட்டியது. பரீட்சகர் வந்து பார்த்து, தடையி பிழையான இடத்தில் உள்ளதென்று கூறிப் புள்ளியைக் குறைத்தார். மாணவி மறுவார்த்தை பேசாது இரண்டையும் இடம் மாற்றி இணைத்தாள். இருவாயி முன்போலவே ஒளிர்ந்தது. மானியும் முன்போலவே 15 இல் நின்றது. அந்த ஊசியைப் பரீட்சகரும் பார்க்கவில்லை, மாணவியும் பார்க்கவில்லை.

தடையி ஏன் வேண்டும்?

இவ்விடத்தில் இருவாயியின் இயல்பைச் சிறிது விளக்குதல் பொருந்தும். சாதாரண மின்குமிழின் இழையானது சூடேறுந்தோறும் தன் தடையைக் கூட்டிக்கொள்வது. ஆகவே தன்னை ஓரளவு தானே காத்துக்கொள்ளும். குறைகடத்திச் சந்தியினாலான ஒளிகாலும் இருவாயி அத்தகையதன்று. முன்முகக் கோடலில் அதன் குறுக்கே அழுத்த வித்தியாசம் ஒரு குறித்த அளவை அண்மிக்கும்வரை ஓட்டம் மிகச் சிறிதாகவே இருக்கும். அதன் பின்னர், ஒரு வோல்ற்றின் சிறு பின்னம் கூடினாலும் ஓட்டம் பன்மடங்காகப் பெருகிவிடும். சிவப்பு இருவாயிக்கு அவ்வளவு ஏறத்தாழ 2 வோல்ற்று. நீலத்துக்கும் வெள்ளைக்கும் ஏறத்தாழ 3 வோல்ற்று. சூடேறினாலோ அதே அழுத்த வித்தியாசத்தில் மேலும் கூடிய ஓட்டத்தை அது இழுக்கும். சாதாரணச் சிறு இருவாயிகள் 20 மில்லியம்பியர் அளவிலான ஓட்டத்துக்கென்றே ஆக்கப்பட்டவை. அவற்றை 9 வோல்ற்று மின்கலவடுக்குடன் நேரே இணைத்தால் அழிவு நிச்சயம்.

எனவே தடையி வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடில்லை. 9 வோல்ற்றில் 2 வோல்ற்றை இருவாயி எடுத்துக்கொள்ள, எஞ்சிய 7 வோல்ற்றைத் தடையி ஏற்கும். 7 ஐ 470 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.015 அம்பியர், அதாவது 15 மில்லியம்பியர் கிடைக்கும். இக்கணிப்பைச் செய்யும் எந்த மாணவரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கணிப்பில் “முன்”, “பின்” என்ற சொற்களுக்கு இடமேயில்லை. இடத்தைப் பற்றிக் கேளாமலே விடையைத் தந்துவிட்ட சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதிய அதே கை, அடுத்த வரியில் “முன்னால் இடுக” என்று எழுதுகின்றது.

விதியும் அளவீடும்

குஸ்தாவ் கேர்ச்சோப் 1845 இல் வெளியிட்ட விதிகள் எமது உயர்தர மாணவர் அனைவரும் மனனஞ் செய்தவை. கிளைகளற்ற ஒரு தடத்தில் ஓட்டம் எங்கும் ஒன்றே. ஒரு மூடிய தடத்தைச் சுற்றிவரும்போது அழுத்த வித்தியாசங்களின் கூட்டுத்தொகை, அத்தடத்திலுள்ள மின்னியக்க விசைக்குச் சமன். எண்களைக் கூட்டும்போது எதை முதலிற் கூட்டினோம் என்பதால் தொகை மாறாது. 2 உம் 7 உம் 9. 7 உம் 2 உம் 9.

ஆனால் இங்கு எதிர்த்தரப்பினருக்கு உண்மையில் ஒரு தடுமாற்றம் உண்டு. அதனை நாம் மறைக்கலாகாது. மறைமுனையைப் பூச்சியமாகக் கொண்டு அளந்தால், தடையி நேர்முனைப் பக்கம் இருக்கும்போது தடையிக்கும் இருவாயிக்கும் இடையிலான புள்ளி 2 வோல்ற்றில் நிற்கும். இருவாயி நேர்முனைப் பக்கம் இருக்கும்போது அப்புள்ளி 7 வோல்ற்றில் நிற்கும். இருவாயியின் அனோட்டு முழு 9 வோல்ற்றிலும் நிற்கும். வோல்ற்றுமானியின் ஒரு முனையை மறைமுனையில் நிறுத்திவிட்டு மறுமுனையால் அனோட்டைத் தொட்டுப் பார்த்தவர், “இதோ, இருவாயிமீது 9 வோல்ற்று விழுகின்றது” என்று அஞ்சுவது இதனாலேயே. அவர் அளந்தது ஒரு புள்ளியின் அழுத்தம். இருவாயி உணர்வதோ தன் இரு முனைகளுக்கிடையிலான வித்தியாசம். 9 இலிருந்து 7 ஐக் கழித்தாலும் 2. 2 இலிருந்து பூச்சியத்தைக் கழித்தாலும் 2. உயர்ந்த மின்கம்பியில் இரு கால்களையும் ஊன்றி நிற்கும் காகம் சாவதில்லை என்பதைக் கற்பிக்கும் ஆசிரியரே, 9 வோல்ற்றில் ஒரு காலையும் 7 வோல்ற்றில் மறுகாலையும் வைத்திருக்கும் இருவாயி செத்துவிடும் என்று கூறுவது விந்தையே.

பிழையின் வேர்

இப்பிழை எங்கிருந்து வருகின்றது? எமது சூழலைக் கேட்டால் விடை கிடைக்கும். குளத்திலிருந்து வாய்க்கால் வழியே வயலுக்கு நீர் பாய்வதையும், கிணற்று நீர் தோட்டத்துப் பாத்திகளில் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்புவதையும் கண்டு வளர்ந்தவர் நாம். மேல்வயற்காரன் எடுத்தது போக எஞ்சியதே கீழ்வயற்காரனுக்கு. வாய்க்காலை மேலே மறித்தால் கீழேயுள்ள பயிருக்கு ஆபத்தில்லை; கீழே மறித்தால் மேல்வயல் வெள்ளத்தில் அமிழும். மின்னோட்டம் என்று மொழிபெயர்த்து, “ஓட்டம்” என்று வழங்கத் தொடங்கியவுடனே இப்படிமம் முழுவதும் கூடவே வந்து அமர்ந்துகொள்கின்றது. தடையி வாசற்காவலன் ஆகின்றது. காவலன் வீட்டுக்கு முன்னால் நிற்க வேண்டுமேயன்றிப் பின்னால் நின்று என்ன பயன் என்று புத்தி கேட்கின்றது.

இது தமிழருக்கு மாத்திரம் உரிய மயக்கமன்று. 1984 இல் இங்கிலாந்தின் டேவிட் சிப்ஸ்ரன் பாடசாலை மாணவரிடையே நடத்திய ஆய்வொன்றை வெளியிட்டார். சுற்றில் ஓரிடத்தில் செய்யப்படும் மாற்றம் அதற்கு “அப்பாலுள்ள” பகுதிகளையே பாதிக்கும், “இப்பாலுள்ளவற்றை” பாதிக்காது என்று மாணவர் பலர் கருதுவதை அவ்வாய்வு காட்டியது. 1992 இல் லிலியன் மக்டெர்மொட்டும் பீற்றர் சாபரும் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவரைப் பற்றி எழுதியபோதும், ஓட்டம் வழியிற் செலவாகிக் குறைகின்றது என்ற எண்ணமும், உறுப்புகளின் ஒழுங்கு முக்கியமானது என்ற எண்ணமும் விரிவுரைகளைக் கேட்ட பின்னரும் நீடிப்பதைக் காட்டினர். ஆகவே இம்மயக்கம் மாணவரிடம் இருப்பது குற்றமன்று. அதனைக் கண்டு திருத்த வேண்டிய ஆசிரியர் அதற்கே விதியென்று பட்டஞ் சூட்டிப் புள்ளித்திட்டத்திற் சேர்ப்பதுதான் குற்றம்.

வாய்க்காலுக்குப் பதிலாக ஈருருளிச் சங்கிலியை எண்ணிப் பார்க்கட்டும். சங்கிலியின் எந்தக் கண்ணியில் விரலை அழுத்தினாலும் சங்கிலி முழுவதும் ஒருங்கே மந்தமாகும். விரலைத் தாண்டிய பகுதி மாத்திரம் மெல்ல ஓட, தாண்டாத பகுதி விரைந்தோடுவது இயலாது. மூடிய சுற்றின் இயல்பும் இதுவே.

இன்னுமொன்று. “முன்” என்று சொல்வோர் எதன் முன் என்று கூறுவதில்லை. நேர்முனையிலிருந்து மறைமுனைக்கு ஓட்டம் செல்வதாகக் கொள்வது 18 ஆம் நூற்றாண்டு முதல் வந்த வழக்கு. 1897 இல் ஜே. ஜே. தொம்சன் இலத்திரனை இனங்கண்ட பின்னர், உலோகக் கம்பியில் உண்மையில் நகர்வன மறைமுனையிலிருந்து நேர்முனைக்குச் செல்லும் இலத்திரன்களே என்பது தெளிவாயிற்று. ஆகவே “முன்னால்” வைத்த தடையி இலத்திரன்களுக்குப் பின்னால் ஆகின்றது. காவலனுக்கு எந்த வாசல்?

ஐயம் இன்னும் தீராதவர், படிகுறை நிலைமாற்றியொன்றிலிருந்து 12 வோல்ற்று ஆடலோட்டத்தைப் பெற்று, இரு ஒளிகாலும் இருவாயிகளை ஒன்றுக்கொன்று எதிர்த்திசையிற் சமாந்தரமாக இணைத்து, அச்சோடியுடன் 1000 ஓம் தடையியொன்றைத் தொடராக இடட்டும். ஓட்டம் ஒரு திசையிற் செல்லும்போது ஓர் இருவாயி ஒளிரும். மறுதிசையிற் செல்லும்போது மற்றையது ஒளிரும். ஒன்றுக்குத் தடையி முன்னாலுள்ளது. மற்றொன்றுக்கோ அதே தடையி பின்னாலுள்ளது. இரண்டும் ஒரே பிரகாசத்துடன் ஒளிரும். இரண்டும் எரிந்துபோகா.

எதிர்வாதங்கள்

இவ்விதியை ஆதரிப்போர் கூறும் நியாயங்கள் மூன்று.

முதலாவது, ஆளியை மூடிய கணத்தில் ஓட்டம் தடையியை அடையுமுன் இருவாயியைத் தாக்கிவிடும் என்பது. மின்குழப்பம் கம்பி வழியே ஒளியின் வேகத்தோடு ஒப்பிடத்தக்க வேகத்திற் செல்கின்றது. ஒளி ஒரு செக்கனின் நூறு கோடியில் ஒரு பங்கில் 30 சதமமீற்றர் செல்லும். கையளவு சுற்றொன்றில் நிலைமை சீராவதற்கு வேண்டிய நேரம் அத்தகைய சில பங்குகளே. அந்நேரத்தில் இருவாயியின் சந்தி சூடேறி அழிவதற்கு வழியில்லை. அன்றியும், ஆளி மறைமுனைப் பக்கம் இருந்தால் குழப்பம் அப்பக்கத்திலிருந்தே புறப்படும். அப்போது இவர்களின் நியாயப்படியே தடையியை மறுபக்கம் வைக்க வேண்டிவரும்.

இரண்டாவது, பாடநூற் படங்களில் தடையி நேர்முனைப் பக்கத்திலேயே வரையப்பட்டுள்ளது என்பது. படம் வரைவோர் ஒரே வழக்கத்தைப் பின்பற்றுவது வாசிப்போர்க்கு வசதியானது. அதனை நாமும் வரவேற்கின்றோம். ஆனால் வழக்கம் வேறு, இயற்கை விதி வேறு. இடமிருந்து வலமாக எழுதுவது வழக்கம் என்பதற்காக, வலமிருந்து எழுதினால் தாள் தீப்பற்றும் என்று எவரும் கற்பிப்பதில்லை.

மூன்றாவது வாதமே ஓரளவு கவனத்துக்குரியது. ஆரம்ப மாணவருக்கு எளிய விதியொன்று வேண்டும். முன்னால் வைக்கச் சொல்வதால் நட்டமென்ன என்பது. “தொடராக ஒரு தடையியைக் கட்டாயம் இடுக; எப்பக்கத்திலும் இடலாம்” என்பது இதனிலும் எளிய விதி; அத்துடன் உண்மையுமானது. ஆயினும் நட்டமென்ன என்ற கேள்விக்கு நேரடியாகவே விடை கூறவேண்டும்.

இடம் உண்மையிற் பொருட்படும் இடங்கள்

நட்டம் இதுவே: பொய்யான இடவிதியைக் கற்றவர், தடையியின் இடம் மெய்யாகவே பொருட்படும் இடங்களை அடையாளங் காணும் ஆற்றலை இழந்துவிடுகின்றார்.

மூன்று சிவப்பு இருவாயிகளைச் சமாந்தரமாக இணைத்து, மூன்றுக்கும் பொதுவாக ஒரே தடையியை “முன்னால்” இடும் மாணவர், விதியைச் சரிவரப் பின்பற்றியவரே. ஆனால் அவரது சுற்று குறைபாடுடையது. ஒரே பெட்டியில் வாங்கிய இருவாயிகளும் முற்றிலும் ஒத்தவையல்ல. அவற்றிடையே ஒரு வோல்ற்றின் சில நூற்றிலொரு பங்கு வேறுபாடு இருந்தாலே ஓட்டம் சமமாகப் பிரியாது. கூடுதலாக எடுத்துக்கொண்டது சூடேறும். சூடேறியது மேலும் எடுக்கும். சிவப்பையும் நீலத்தையும் அவ்வாறு இணைத்தால், சிவப்பு ஏறத்தாழ 2 வோல்ற்றில் நிலைகொண்டுவிட, ஏறத்தாழ 3 வோல்ற்று வேண்டிய நீலம் ஒளிரவே மாட்டாது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒரே உறையினுள் அமைந்து பொதுக்கால் ஒன்றைக் கொண்ட இருவாயிகளை இன்று மாணவர் தாராளமாகப் பயன்படுத்துகின்றனர். அவற்றில் பொதுக்காலில் ஒரு தடையி போதும் என்று எண்ணி ஏமாறுவது இதனாலேயே. ஒவ்வொரு கிளைக்கும் ஒவ்வொரு தடையி வேண்டும். கேட்க வேண்டிய வினா “முன்னா, பின்னா?” என்பதன்று, “பொதுவழியிலா, கிளையிலா?” என்பதே.

திரான்சிற்றர் சுற்றை நோக்குவோம். மின்வழங்கல் 9 வோல்ற்று. இருவாயியும் 330 ஓம் தடையியும் சேகரிப்பான் பக்கத்தில் இருக்க, திரான்சிற்றர் நிரம்பல் நிலையில் ஆளியாகத் தொழிற்படுமாயின், ஓட்டத்தை நிர்ணயிப்பது மின்வழங்கலும் அத்தடையியும். அப்பக்கத்துள் அவ்விரண்டின் ஒழுங்கை மாற்றினாலும் எதுவும் மாறாது. ஆனால் தடையியைக் காலிப் பக்கத்துக்குக் கொண்டுசென்று, அடியை 5 வோல்ற்றில் வைத்தால், சுற்றின் இயல்பே மாறிவிடும். அடிக்கும் காலிக்கும் இடையே ஏறத்தாழ 0.7 வோல்ற்று போக, 4.3 வோல்ற்று தடையியின் குறுக்கே நிலைத்து நிற்கும். 220 ஓம் தடையியானால் ஓட்டம் ஏறத்தாழ 19.5 மில்லியம்பியர். மின்வழங்கல் 9 ஆயினும் 12 ஆயினும் அது ஏறக்குறைய மாறாது. காரணம், காலித் தடையி இரண்டு தடங்களுக்கும் பொதுவானது. கிளைகளற்ற ஒரே தடத்தில் இடம் பொருட்படாது. தடங்கள் இரண்டு சந்திக்குமிடத்தில் இடமே எல்லாம்.

மோட்டார் வாகனங்களில், உலோகச் சட்டமே மறைமுனையாக அமைவது வழக்கம். மின்கலவடுக்கிலிருந்து நீண்ட கம்பி வழியே தூரத்திலுள்ள காட்டி விளக்குக்கு மின்னைக் கொண்டுசெல்லும்போது, கம்பியின் காவலி தேய்ந்து சட்டத்தைத் தொடக்கூடும். தடையி மின்கலவடுக்கின் அருகே இருந்தால், அதற்கப்பால் எவ்விடத்தில் தொட்டாலும் தடையி ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும்; விளக்கு அணையும், கம்பி எரியாது. தடையி சட்டத்தின் பக்கம் இருந்தாலோ, இடைப்பட்ட கம்பி தொடும்போது தடையியே சுற்றிலிருந்து விலகிவிடும். இருவாயிக்கும் தடையிக்கும் நடுவே தொட்டால் இருவாயி அழியும்; இருவாயிக்கு முன்னே தொட்டால் கம்பி வழியே பேரோட்டம் பாயும், உருகி இருந்தால் அது உருகும்.

இதோ, “முன்னால் இடுக” என்பதற்கு ஒரு மெய்யான நியாயம். ஆனால் இது பழுதைப் பற்றிய நியாயமேயன்றி, சுற்றின் சாதாரணத் தொழிற்பாட்டைப் பற்றியதன்று. இந்நியாயத்தை அறிந்து சொல்பவர் பொறியியலாளர். அறியாது அதே வாக்கியத்தைச் சொல்பவர் ஒப்புவிப்பவர். இருவரின் விடையும் தாளில் ஒன்றுபோலவே தோன்றும். எமது பரீட்சை முறை இருவருக்கும் ஒரே புள்ளியை வழங்குகின்றது என்பதே துயரம்.

எது பணயம்?

இதற்குத் தீர்வு அரிதன்று. விடைத்தாளில் “தடையியின் சரியான இடம் யாது?” என்று கேட்பதை விடுத்து, “இரண்டையும் இடம் மாற்றினால் ஓட்டம் மாறுமா? காரணம் கூறுக” என்று கேட்கலாம். செய்முறை வகுப்பில், இடம் மாற்றுமுன் மானியின் வாசிப்பை எதிர்வுகூறச் செய்து, பின்னர் மாற்றி வாசிக்கச் செய்யலாம். இதற்குப் புதிய ஆய்வுகூடமோ வெளிநாட்டு உதவியோ வேண்டியதில்லை. பிழையான விதியைப் பாடக்குறிப்பில் எழுதியவர் அடுத்த நாள் வகுப்பில் “நான் நேற்றுச் சொன்னது பிழை” என்று கூறும் துணிவு மாத்திரமே வேண்டும். பல்கலைக்கழக விரிவுரையாளரும் இதில் விலக்கல்லர். பிழையான விதிகளுடன் வந்து சேரும் மாணவரைக் கண்டு பாடசாலைகளைக் குறைகூறுவோர், அப்பாடசாலைகளுக்கு ஆசிரியரை ஆக்கி அனுப்புவோரும் தாமே என்பதை மறக்கலாகாது.

தமிழில் விஞ்ஞானத்தைக் கற்பிக்க இயலுமா என்ற வினா எமது நாட்டில் எப்போதோ தீர்ந்துவிட்டது. 19 ஆம் நூற்றாண்டிலேயே சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்தார். பின்னர் கலைச்சொற்கள் ஆக்கப்பட்டன, பாடநூல்கள் வெளிவந்தன, தடை என்ற பண்பையும் தடையி என்ற பொருளையும் வேறுபடுத்திச் சொல்லும் நுட்பம் எமது மொழிக்கு வாய்த்தது. சொற்கள் எம்மிடம் உள்ளன. அச்சொற்களைக் கொண்டு நாம் தமிழில் விஞ்ஞானத்தைக் கற்பிக்கின்றோமா, அன்றித் தமிழில் மனனத்தைக் கற்பிக்கின்றோமா என்பதே இன்றைய வினா. ஆசிரியர் சொன்னதற்கும் மானி காட்டியதற்கும் முரண்பாடு எழும்போது, மானியை நம்பக் கற்ற மாணவர்க்கே விஞ்ஞானம் சொந்தமாகும். அதைக் கற்பிக்காத கல்வி எம்மொழியில் நடந்தாலும் ஒன்றே.

அந்தச் செய்முறை மேசையில் ஊசி இரண்டு முறையும் 15 இல் நின்றது. மாணவிக்கு இழந்த புள்ளியை எவரும் திருப்பிக் கொடுக்கப்போவதில்லை. அடுத்த முறை அம்மேசையருகே நிற்பவர் இக்கட்டுரையின் வாசகர் ஒருவராக இருப்பின், புள்ளியைக் குறைக்குமுன் ஊசியை ஒருமுறை பார்க்கட்டும்.